தலையெண்ணி

“ஒண்ணு… ஒண்ணு… ரெண்டு… ஒண்ணு… அட, நாலு! நல்லா இருங்கப்பா… ஒண்ணு… மறுபடி ஒண்ணு…”

நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடியும் எரிகிறது. சாலையைக் கடக்க வேண்டிய நாங்கள் இருவரும் இந்தப் பக்கமே நிற்கிறோம். அவர் எதிரே வரிசையாக நிற்கும் கார்களின் முன்கண்ணாடிகளுக்குள் பார்த்து, உள்ளே தெரியும் தலைகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். முன்வரிசைக் காரில் இருந்த ஒருவர், தன் முகத்தில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.

“பாத்தீங்களா? ஆள் ஏத்திக்கிட்டுப் போற வண்டி ஒண்ணே ஒண்ணு. மிச்சமெல்லாம் சோபாவை ஏத்திக்கிட்டுப் போகுது” என்றார், ஒருவழியாகச் சாலையில் காலை எடுத்து வைத்தபடி.

ஆளில்லாத இருக்கைக்கு அவர் அகராதியில் சோபா என்று பெயர்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. குட்டையான, அகலமான உருவம். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். இப்போது ஊருக்கு வெளியே ஏரியை ஒட்டிய புல்வெளியில் ஆண்டுதோறும் நடக்கும் மூன்று நாள் இசை விழாவுக்கு, ஆட்கள் வந்து போகிற ஏற்பாட்டைக் கவனிக்கிறார். எவ்வளவு குறைந்த வண்டிகளில், எவ்வளவு குறைந்த புகையில் அத்தனை கூட்டத்தையும் கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது என்பதுதான் அவருடைய வேலை. விழாவில் எல்லோருக்கும் அவர் ‘கண்டக்டரக்கா’. முதுகுக்குப் பின்னால் ‘தலையெண்ணி’. அந்தப் பெயரும் அவருக்குத் தெரியும்.

“முதுகுக்குப் பின்னாடி பேசுறது எனக்குப் புதுசா என்ன? அத்தனை வருஷமும் ஊரே என் முதுகுக்குப் பின்னாடிதானே உக்காந்திருந்துச்சு!”

ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று பழகிய கால்கள் அவருடையவை. தரை அசையாமல் இருந்தாலும் அவை நம்புவதில்லை. சற்று அகட்டி, எந்த நேரமும் பிரேக் விழலாம் என்ற எச்சரிக்கையோடுதான் நிற்கும். வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார். நான் போயிருந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் நின்றுகொண்டார். குரல் கடைசி இருக்கைக்குக் கேட்க வேண்டும் என்ற கணக்கில் அமைந்தது. ரகசியம் பேசத் தெரியாது. ஒரு முறை முயன்றார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“உள்ள போங்க, உள்ள போங்க, எடம் நெறையக் கெடக்கு” என்பது வாயிலேயே குடியிருக்கும் வாசகம். லிப்டில் சொல்வார். மருத்துவமனை வராந்தாவில் சொல்வார். மகளின் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போதும் இதைச் சொல்லி எல்லோரையும் நெருக்கிவிட்டாராம். படத்தில் மாப்பிள்ளைக்குப் பாதி முகம்தான் இருக்கிறது. சுவரில் அந்தப் படத்தை எனக்குக் காட்டியவர் அவருடைய கணவர்.

கணவரின் தொழிலைக் கேட்டால் சிரிப்பு வரும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு பக்கமும் பிரேக் உள்ள ஒரு சின்ன மஞ்சள் கார், மாடியில் இரண்டு பெஞ்சு போட்ட ஒரு வகுப்பறை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அவருடையது.

“நான் பத்துப் பேரைக் காரை விட்டு எறக்குறதுக்குள்ள இவரு பதினோரு பேரை ஏத்தி அனுப்பிடுறாரு” என்றார் அக்கா.

“என் வண்டியில எப்பவும் ரெண்டு தலை. கத்துக்கறவன் ஒருத்தன், பயப்படுறவன் ஒருத்தன்” என்றார் கணவர், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

இந்த எண்ணுகிற பழக்கம் எப்போது வந்தது என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய பஸ் புல்வெளியைத் தாண்டிப் போகிற தடத்தில் ஓடியது. விழா தொடங்கிய புதிது. ஒரு மத்தியானம், பஸ் நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் கார்கள். பஸ்ஸுக்குள் ஒரு நர்ஸ் இருந்தார். டியூட்டிக்கு நேரமாகிறது என்று மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். முன்னால் என்னதான் ஆயிற்று என்று பார்க்க அக்காவும் இறங்கினார். விபத்து எதுவும் இல்லை. கார்கள் மட்டும்தான். எல்லாவற்றிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் மூடியிருந்தன. சாலையோரப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நடந்தவர், அப்போதுதான் உள்ளே பார்த்தார்.

“ஒரு வண்டிக்கு ஒரு ஆளு. எல்லாரும் ஒரே எடத்துக்குத்தான் போறாங்க, ஆளுக்கொரு வண்டி. அடுத்தடுத்து நின்ன ரெண்டு கார்ல ஒரே பாட்டு ஓடுது. இவன் தலையாட்டுறான், பக்கத்து வண்டியில அவளும் தலையாட்டுறா. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. எனக்கு அழுகையா வந்துச்சா சிரிப்பா வந்துச்சான்னு தெரியல. அந்த நர்ஸம்மா பாட்டுக்கு முன்னாடி நடந்து போய்க்கிட்டிருக்கா.”

மறுநாள் டியூட்டி முடிந்ததும் சீருடையோடு நேராக விழாத் திடலுக்குப் போனார். விழாவை நடத்துபவர் ஒரு பழைய டிரம்மர்; தொந்தியும் தொப்பியுமாக இருப்பார். அவரைப் பிடித்து, கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரலில் ஒரு பிடி பிடித்தார். டிரம்மர் முழுவதையும் கேட்டுவிட்டு, “மேடை போடத்தாங்க எனக்குத் தெரியும். ரோடு தெரியாது. நீங்களே வந்து செய்யுங்களேன்” என்றார். சும்மா வாய் வார்த்தையாகச் சொன்னதுதான். சில ஆண்டுகள் கழித்து, பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மெஷின் வந்து, கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பியபோது அக்கா திரும்பவும் அதே திடலுக்குப் போய் நின்றார்.

“அன்னைக்குக் கூப்பிட்டீங்களே, வந்துட்டேன்.”

வந்தவர் முதலில் கைவைத்தது லாரிகளில். மேடைச் சாமான் ஏற்றி வரும் லாரி திரும்பிப் போகும்போது காலி; கூடாரம் ஏற்றிப் போக வரும் லாரி வரும்போது காலி. இரண்டு கம்பெனிக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, “நீங்க காத்தை ஏத்திக்கிட்டு வர்றீங்க, இவரு காத்தை ஏத்திக்கிட்டுப் போறாரு. காத்து இங்கயே கெடைக்குதே” என்றார். லாரிகள் பாதியாகின. சாப்பாட்டு வண்டிக்காரர்கள் தினமும் ஊருக்குள் போய்த் திரும்புவதை நிறுத்தி, மூன்று நாளும் அங்கேயே தங்கும்படி குளிக்க இடம் செய்து கொடுத்தார்.

பாட்டுக் கோஷ்டிகளோடு பட்ட பாடு தனிக் கதை. புகழ்பெற்ற ஒரு குழுவின் மேனேஜர், ஸ்டேஷனிலிருந்து திடலுக்கு ஆளுக்கொரு கார் வேண்டும் என்று கறாராகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, கொஞ்சம் தயங்கி, “அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைங்க” என்றார்.

“மேடையில சேந்துதானே பாடுறாங்க?”

“அது தொழில்.”

“அப்ப இதையும் தொழில்னு நெனைச்சுக்கச் சொல்லுங்க. பேச வேணாம். சேந்து உக்காந்தா போதும்.”

ஒரே வேன்தான் போனது. டிரைவர் பக்கத்தில் ஒருவர், ஜன்னலோரம் ஒருவர், கடைசி வரிசையில் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒருவர் என்று, ஒரே வேனுக்குள் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து வந்தார்கள். இறங்கும்போதும் பேசவில்லை. “எல்லாரையும் சேத்து வைக்க நான் என்ன அவங்க சித்தியா? எனக்கு வேண்டியது ஒரு வேன்” என்றார் அக்கா.

இதெல்லாம் சில்லறை. விழாவின் புகையில் பெரும் பங்கு மேடையிலிருந்தோ லாரிகளிலிருந்தோ வருவதில்லை, பார்க்க வருகிறவர்களின் கார்களிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே போன வருடம் துணிந்து ஒரு காரியம் செய்தார். வாசலை ஒட்டிய பெரிய கார் மைதானத்தை மூடினார். நுழைவுச் சீட்டோடு பஸ் சீட்டையும் சேர்த்தே கொடுத்தார். ரயில் நிலையத்திலிருந்து திடலுக்கு பஸ்கள் ஓடின. நிறைய ஆளேற்றி வரும் காருக்கு வாசலருகே இடம். ஒற்றை ஆளாக வரும் காருக்குக் கண்ணுக்கெட்டாத தூரத்துப் புல்வெளி.

வருகை அழகாக நடந்தது. காலையிலிருந்தே சிறுகச் சிறுக வந்தார்கள், சிறுகச் சிறுக பஸ்கள் கொண்டுவந்து விட்டன. நகராட்சி அனுப்பியிருந்த போக்குவரத்து இன்ஜினியர், நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர், முன்கூட்டியே அக்காவிடம் ஒன்று சொல்லியிருந்தார். வரும்போது பிரிந்து வருகிற கூட்டம், போகும்போது ஒன்றாகக் கிளம்பும். அதற்கு இந்த ஏற்பாடு போதாது.

“சார், எத்தனை மேட்ச் கூட்டத்தை ஏத்தி எறக்கியிருக்கேன் நான். என்கிட்டயேவா?” என்று அக்கா சிரித்து அனுப்பிவிட்டார்.

கடைசி நாள் பிற்பகல். கடைசிப் பாட்டு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. திடல் முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தது. முதல் பஸ் திரும்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. பின்னால் வந்த பஸ்கள் அதைத் தாண்ட வழியில்லை. வரிசை கலைந்தது. மழை வலுத்தது. தலைக்கு மேல் ஒதுங்க ஒரு தகரம்கூடக் கிடையாது. ஒரு சிலர் பாயை விரித்துத் தலைமேல் பிடித்துக்கொண்டார்கள். ஏசாதவர்கள் குறைவு.

அந்தக் கூட்டத்தில் அக்காவின் மகளும் இருந்தாள், இடுப்பில் சின்னக் குழந்தையோடு. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணவனுக்குப் போன் செய்தாள். மருமகன் பின்பக்கச் சாலை வழியாகக் காரைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். வாசலில் நனைந்தபடி பஸ்ஸைத் தள்ளுபவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவைக் கடந்துதான் அந்தக் கார் போனது.

“கண்ணாடியை எறக்குவான்னு நெனைச்சேன். எறக்கல. பாப்பா மட்டும் என்னைப் பாத்துக்கிட்டே போச்சு” என்றார். அன்றைக்குக் கடைசி ஆள் பஸ் ஏறும்வரை, வருகிற ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாராம்.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். மகள் போனில் கேட்டாள்: “உன் கொள்கைக்காக என் புள்ளை நனையணுமாம்மா?”

“நனைஞ்சது நெசம். ‘தப்பு என்னோடதுதான்டி’ன்னேன். போனை வச்சிட்டா.”

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. மகளின் மனத்தாங்கல் விடவில்லை. “அப்பாவைப் பாக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு வருவா. டீ போட்டுக் குடுத்தா குடிப்பா. ‘சக்கரை போதும்’ங்கிறதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. பாப்பாதான் ரெண்டு பேர் மடிக்கும் மாறி மாறி நடந்துக்கிட்டிருக்கும்.”

விழாக் குழு கூடியது. டிரம்மர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது அவர் சங்கடப்படுவதற்கான அடையாளம். “அக்கா, உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா விழாவே இருக்காது. பழையபடி காரே வரட்டும்.”

பலரும் தலையாட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். புல்வெளிக்குப் போகும் சாலையில், வளைவை ஒட்டிய வீட்டுக்காரர். ஆண்டுதோறும் விழாவை எதிர்த்துப் புகார் சொல்வதற்கென்றே கூட்டத்துக்கு வருகிறவர். அவர் எழுந்ததும் டிரம்மரின் முகம் இன்னும் சுருங்கியது.

“வழக்கமா இந்த மூணு நாளும் நான் வெளிய துணி காயப்போடுறதில்லை. போட்டா சாம்பலா வரும். இந்தத் தடவை போட்டேன்.”

“மழையில நனைஞ்சிருக்குமே?” என்றார் யாரோ.

“நனைஞ்சுதுதான். ஆனா வெள்ளையாத்தான் நனைஞ்சுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அறையின் காற்று சற்று மாறியிருந்தது. அக்கா எழுந்தார், அதாவது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர் ஓரடி முன்னால் வந்தார். “இன்னும் ஒரே ஒரு வருஷம் குடுங்க. அப்பவும் சொதப்பினா, நானே சுண்ணாம்பு வாளியோட வந்து கார் நிறுத்தக் கோடு போட்டுத் தர்றேன்.”

கொடுத்தார்கள்.

வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இன்ஜினியரின் அறைக்குப் போனார். அவர் மேஜைமேல் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வாயைக் கையில் எடுத்திருந்தார்.

“சார், போன தடவை நீங்க சொன்னதை நான் காதுல வாங்கல. இப்ப சொல்லுங்க.”

இன்ஜினியர் அந்த வாயை முழுங்கிவிட்டு, “மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார் தயவாக.

“மழையை விடுங்க. கூட்டத்தைச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசிப் பாட்டு என்று ஒன்று இருக்கிறவரை எல்லோரும் அதற்குக் காத்திருப்பார்கள், அது முடிந்ததும் ஓடுவார்கள். ஆகவே விழா ஒரே வெட்டில் முடியாமல், மெல்ல மெல்ல ஓய வேண்டும். பெரிய மேடை முடிந்தாலும், பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும். பஸ்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறட்டும். ஒன்று நின்றாலும் மற்றது நிற்காது. தரையில் இரும்புத் தகடு விரிக்கலாம்.

“இவ்வளவுதானா?” என்றார் அக்கா.

“இவ்வளவுதான்.”

“போன வருஷம் சொன்னதும் இதேதானா?”

“கொஞ்சம் நீளமாச் சொன்னேன்” என்றார் இன்ஜினியர். அன்றிலிருந்து அவர் ‘சார்’ இல்லை, ‘தம்பி’. தம்பி சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போயிற்று. அக்கா அதை வாங்கிக்கொண்டுபோய் வராந்தாக் கடையில் சூடு பண்ணிக்கொண்டு வந்து கொடுத்தார்.

இந்த வருடம் மூன்று நாளும் நான் அவர் கூடவே சுற்றினேன். பஸ் நிற்குமிடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகைதான் அலுவலகம். உள்ளே ஒரு கெட்டில், கழற்றி வைத்த ரப்பர் பூட்ஸ், சுவரில் திடலின் பெரிய வரைபடம். அதில் இன்ஜினியர் தம்பி அம்புக்குறிகள் போட்டிருந்தார். வாசலில் நின்று அக்கா வருகிற வண்டிகளுக்குக் கை காட்டுவார். நிறைந்த வண்டியைக் கண்டால் முகம் மலர்ந்து, வலப்பக்கம். ஒற்றைத் தலையைக் கண்டால் இடப்பக்கம், தூரத்துப் புல்வெளிக்கு. ஏசமாட்டார். “நடந்து வாங்க, ஒடம்புக்கு நல்லது. வழியில யாராவது சேந்தாக் கூட்டிட்டு வாங்க” என்பார். சைக்கிளில் வந்தவர்களுக்குத் தனி மரியாதை. பஞ்சர் ஒட்ட ஆள் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மதியம், ஒரு மஞ்சள் கார் தயங்கித் தயங்கி, இரண்டு தடவை அணைந்து, மூன்றாவது தடவை ஒரு குலுக்கலோடு வாசலுக்கு வந்தது. ஸ்டியரிங்கில் வியர்த்து வழிந்தபடி ஒரு அம்மாள், பாடம் படிப்பவர். பக்கத்தில் பிரேக்கின்மேல் காலோடு அக்காவின் கணவர். பின்னால் மகளும் குழந்தையும், கூடவே பக்கத்து வீட்டுக் கணவன் மனைவியும். நெருக்கி உட்கார்ந்ததில் எல்லோருக்கும் ஒரு தோள் உள்ளே, ஒரு தோள் வெளியே.

“இன்னைக்குப் பாடம் நெரிசல்ல ஓட்டுறது. ஆனா நெரிசலையே காணோமே! என் பாடம் கெட்டுப்போச்சு” என்றார் கணவர்.

அக்கா குனிந்து பின் ஜன்னலைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடி இறங்கியிருந்தது, ஆனால் அது காற்றுக்காகத்தான் என்று தோன்றியது. மகள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலப்பக்கம்” என்றார் அக்கா.

கொஞ்ச நேரத்தில் மகள் தானாகவே கொட்டகைக்கு வந்தாள். அவளுடைய அப்பாவும் பாடம் படிக்கிற அம்மாளும் உடனே திரும்புகிறார்களாம். போகிற போக்கில் ஊருக்குள் போகவேண்டிய இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாட்டுக் கேட்கப் போய்விட்டார்கள். மகளுக்கும் கடைசிப் பாட்டு கேட்க வேண்டும்.

“அப்ப எப்படித் திரும்புவே?”

“பஸ்லதான்.”

“நம்பிக்கை வந்திருச்சா?”

“வேற வழியில்லை” என்றாள் மகள். கெட்டிலை எடுத்துத் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அம்மாவுக்கும் ஒரு கோப்பை வைத்தாள். “உனக்குச் சக்கரை எவ்வளவு? மறந்துபோச்சு.”

“ஒண்ணரை” என்றார் அக்கா. அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

பொழுது சாயும்போது வானம் மூட்டம் போட்டது. பெரிய மேடையில் கடைசிப் பாட்டு, ஒருவரோடொருவர் பேசாத அதே குழுவினுடையது. பாட்டு முடிந்து கைத்தட்டல் ஓய்ந்ததும் திடல் எழுந்தது. நான் பஸ் பக்கம் நின்று பார்த்தேன். புல்வெளி முழுவதும் ஒரே அசைவாக எங்களை நோக்கி வந்தது. தூறலும் விழுந்தது. பாதையோரம் ஒரு பெண் அக்கார்டியன் வாத்தியத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து பாடத் தொடங்கியிருந்தார். கூட்டம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தது.

“தம்பி, நிக்க மாட்டேங்கிறாங்களே” என்றார் அக்கா.

இன்ஜினியர் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார், போட்டதையே மறுபடி கழற்றினார்.

பாட்டுக்கு யாரும் நிற்கவில்லை. நின்றது டீக்கு. பாதையின் நடுவே அக்கா வைக்கச் சொல்லியிருந்த நீளமான மேஜைகளில் இலவசமாக டீ. மேலே ஒரு பந்தல். ஒருவர் வாங்கினார், அவரைப் பார்த்துப் பத்துப் பேர். கோப்பை கைசுட்டதால் நடக்க முடியவில்லை. ஊதி ஊதிக் குடிக்க நிற்கவேண்டியதாயிற்று. நின்றதால் பாட்டு காதில் விழுந்தது. குழந்தைகளோடு வந்தவர்கள் பந்தலுக்குள் உட்கார்ந்தார்கள். அக்கார்டியன் பெண் இன்னொரு பாட்டை எடுத்தார். இரண்டு பேர் ஆடவும் தொடங்கினார்கள். கூட்டம் தடித்தும் மெலிந்தும், கொஞ்சம் கொஞ்சமாகப் பஸ்களுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பஸ் நிறைந்து கிளம்ப, அடுத்தது மறுபக்கம் நுழைந்தது. இரும்புத் தகடுகள்மேல் சக்கரங்கள் உருளும்போது தடதடவென்று ஓசை எழுந்தது.

“பாட்டு என் யோசனை” என்றார் இன்ஜினியர் மெதுவாக.

“டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடுக்கச் சொன்னது யாரு?” என்றார் அக்கா.

டிரம்மர் தூரத்திலிருந்தே தொப்பியை உயர்த்திக் காட்டினார். அடுத்த வருடம் சுண்ணாம்பு வாளிக்கு வேலையில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. மூச்சு விடாமல் பஸ்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த அக்கா, பதிலுக்குக் கையைக்கூட உயர்த்தவில்லை. கண் வரிசையிலேயே இருந்தது. வரிசையில் மகள். தோளில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. முன்னால் ஒரு குடும்பம், அதற்கு முன்னால் ஒரு கூட்டம் இளைஞர்கள். நகர்ந்தது. மகள் பஸ் படிக்கு வந்து சேர்ந்தாள்.

“நீங்களும் ஏறுங்க, அக்கா. மீதியை நான் பாத்துக்கறேன்” என்றார் இன்ஜினியர்.

“அதெப்படி? கடைசி ஆள் போறவரைக்கும்…”

“நான் இருக்கேன்ல? ஏறுங்க.”

அக்கா அவரைப் பார்த்தார். இன்னும் ஏறவேண்டிய வரிசையைப் பார்த்தார். பிறகு படியில் காலை வைத்து மேலே ஏறித் திரும்பினார். கீழே நின்ற மகள், தூங்குகிற குழந்தையை இரு கைகளாலும் தூக்கி அவரிடம் நீட்டினாள். அக்கா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். தூறல் கதவு வழியாக உள்ளே அடித்தது. தன் மழைக்கோட்டின் முன்பக்கப் பட்டன்களை ஒரு கையால் அவிழ்த்து, சேறு அப்பிய அந்தச் சின்னக் காலணிகளோடு இரண்டு கால்களையும் உள்ளே இழுத்து, தன் வயிற்றோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார்.